ஷேக்ஸ்பியர் எழுதிய 'ஜிகினா' வார்த்தை... 'க்ளிங்கன்ட்' தெரியுமா?

பகட்டு, படாடோபம், தளுக்கு, மினுக்கு, ஜிகினா... மேல்பூச்சு மினுமினுப்பைச் சொல்ல நம்மிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஆனால், அந்த வரிசையில் ஒரு வார்த்தை மட்டும் அகராதிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் 'க்ளிங்கன்ட்'. தினமும் ஆங்கிலப் பேப்பர் படிப்பவர்களின் கண்ணில்கூட இது எப்போதாவதுதான் படும்.

பிரெஞ்சு மொழியிலிருந்து 16-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்த வார்த்தை இது. உலோகத் துண்டுகள் மோதிக்கொள்ளும்போது எழும் 'கிளிங்' சத்தம்தான் இதற்கு வேர். பிறகு, தங்கம்போல பளபளக்கும் மெல்லிய தகட்டுக்கும் அதுவே பெயரானது. காதுக்கான வார்த்தை கண்ணுக்கு மாறிவிட்டது!

இதை ஷேக்ஸ்பியரும் எழுதியிருக்கிறார். ஜான் ஃப்ளெட்சருடன் சேர்ந்து எழுதிய 'எட்டாம் ஹென்றி' நாடகத்தின் முதல் காட்சியிலேயே இது வருகிறது. 1520 ஜூன் மாதம், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸும் கலே நகரத்துக்கு அருகே சந்தித்தார்கள். தங்க இழைத் துணியில் கூடாரங்கள், ஒயின் கொட்டும் நீரூற்று, தற்காலிக அரண்மனை என இரண்டு வாரங்களுக்கும் மேல் ஒரே அமர்க்களம். 'தங்கத் துணி மைதானம்' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர்.

நாடகத்தில் அதை நேரில் பார்த்த நார்ஃபோக் பிரபு, உடம்பு சரியில்லாமல் அறைக்குள்ளேயே கிடந்த பக்கிங்ஹாம் பிரபுவிடம் அந்தக் கதையைச் சொல்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் தங்கத்தில் ஜொலித்ததைச் சொல்லும் இடத்தில்தான் 'க்ளிங்கன்ட்' வருகிறது. (அடுத்த நாள் இங்கிலாந்துக்காரர்கள் ஜொலித்ததற்கு அவர் ஒப்பிடும் நாடு எது தெரியுமா? இந்தியா!)

கேட்பதற்குப் பாராட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால், அதே காட்சியில் உடைக்கும் அலங்காரத்துக்கும் செலவழித்தே பிரபுக்கள் ஓட்டாண்டியானதும், அந்த நட்பு நிலைக்காததும் பேச்சில் வந்துவிடும். நிஜத்திலும் 1522-லேயே இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. இப்போது அந்த வார்த்தையைத் திரும்பப் படித்தால், பளபளப்புக்கு அடியில் இருக்கும் தகரம் தெரிகிறது. அந்த இடத்தில் வெறுமனே 'பளபளப்பு' என்று எழுதியிருந்தால் இது கிடைத்திருக்காது.

பிரான்ஸில் இதே வார்த்தை ஒரு கவிஞரைக் காயப்படுத்தியது. 17-ம் நூற்றாண்டில் விமர்சகர் புவாலோ, இத்தாலியக் கவிஞர் டாசோவின் எழுத்து 'க்ளிங்கன்ட்', ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் எழுத்தோ தங்கம் என்ற பொருளில் எழுதிவிட்டார். பதில் சொல்ல டாசோ உயிரோடு இல்லை. அவர் 1595-லேயே இறந்துவிட்டார். அந்த முத்திரை மட்டும் ரொம்ப காலம் அவரை விடவில்லை. ஒரே வார்த்தையில் ஒரு காவியத்தையே கவரிங் நகையாக்குவது என்னைக் கேட்டால் அநியாயம்!

தமிழில் இதற்கு நேரான வார்த்தை தேடினால், என் ஓட்டு 'காக்காப்பொன்'னுக்குத்தான். மண்ணில் மின்னும் அப்பிரகத் துண்டுகளைக் கிராமத்துப் பிள்ளைகள் பொறுக்கிச் சேர்ப்பார்களே, அதேதான். மின்னும், உதிரும், அடகுக்கடையில் எடுபடாது. 'க்ளிங்கன்ட்' சொல்லும் அத்தனையும் இதில் இருக்கிறது. ஆனால், இதையும் இப்போது எழுத்தில் பார்ப்பது அரிதாகிவிட்டது.

சரி, 'க்ளிங்கன்ட்'டை எங்கே எழுதலாம்? கல்யாண மேடை, சினிமா செட், அரசியல் மாநாட்டுப் பந்தல் என மினுக்கும் போலித்தனமும் சேர்ந்தே இருக்கும் இடத்தில், ஒரே ஒருமுறை எழுதலாம். முன்பின் வாக்கியங்கள் எளிமையாக இருந்தால் அகராதி இல்லாமலே அர்த்தம் புரிந்துவிடும். நிஜத் தங்கத்துக்கு இதைப் பயன்படுத்தினால் நகைக்கடைக்காரர் கோபித்துக்கொள்வார். வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஹெச்.ஆர் அதிகாரி அகராதியைப் புரட்ட மாட்டார், அடுத்த விண்ணப்பத்தைத்தான் புரட்டுவார்!