ஃபில்டர் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆயுத பூஜைக்குள் வண்டியைச் சரிசெய்துவிட வேண்டும் என்று எழுதும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டு போட்டால் பின்னணியில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறுகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "எல்லா வண்டியிலும் இருக்கும் சார்" என்கிறார்களாம். கடையில் பண்டிகைத் தள்ளுபடி என்று 'நாய்ஸ் ஃபில்டர்' டப்பாவை நீட்டுகிறார்களாம். சலுகை முடிவதற்குள் வாங்கிவிடலாமா என்பதுதான் பெரும்பாலோர் கேள்வி. அவசரப்பட வேண்டாம். சத்தம் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது என்பதைச் செலவில்லாமலே கண்டுபிடிக்க முடியும்.

பிறப்பிடம் சுலபம். மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை ஆறு டயோடுகள் நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. அது சமதளமான 14 வோல்ட் அல்ல. அதன்மேல் சிற்றலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். பரவலாக உள்ள 12 துருவ ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் 36 சிற்றலைகள். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று, புல்லியால் ஆல்டர்னேட்டர் அதைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 40 சுற்று. அப்படியானால் சத்தம் 1,440 ஹெர்ட்ஸ். எஞ்சினை 2,400 சுற்றுக்கு முடுக்கினால் 4,320. விசில் போன்ற சத்தம் இப்படி எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கினால், மூலம் ஆல்டர்னேட்டர்தான்.

ஒரு டயோடு பழுதானால் அலைவடிவம் குலைந்து, அதே ஐடிலில் 240 ஹெர்ட்ஸ் அளவில் கனத்த உறுமல் சேர்ந்துகொள்ளும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நலம். 0.5-ஐத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். ஏசியில் வைத்தும் 20, 30 என்று காட்டினால் மலிவு மீட்டர் பொய் சொல்கிறது; வேறு மீட்டரில் பாருங்கள்.

மீட்டர் 0.03 வோல்ட் காட்டுகிறது, டயோடுகள் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் சத்தம் நிற்கவில்லை என்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையின் மீதி. கடையில் விற்கும் ஃபில்டர் பிளஸ் வயரில் போடப்படுவது. இரைச்சலோ பல வண்டிகளில் அந்த வழியாக வருவதே இல்லை. மைனஸ் வழியாக, எர்த் வழியாக வருகிறது.

வண்டியின் உடல் முழுவதும் ஒரே பூஜ்ய வோல்ட் என்பது சர்க்யூட் படத்தில் மட்டுமே உண்மை. எல்லா விளக்குகளின், மோட்டார்களின் மின்சாரமும் அந்தத் தகடு வழியாகத்தான் திரும்புகிறது. ஓர் இணைப்பில் ஒரு மில்லி ஓம் தடை இருந்து, அதில் 50 ஆம்பியர் ஓடினால், இரு பக்கத்துக்கும் 50 மில்லி வோல்ட் வித்தியாசம். அந்த மின்சாரத்திலேயே சிற்றலை இருப்பதால் வித்தியாசமும் அதே தாளத்தில் ஆடும்.

இப்போது போனை லைட்டர் சாக்கெட் சார்ஜரில் சொருகி, ஆக்ஸ் வயரால் ஸ்டீரியோவோடு இணைக்கிறீர்கள். சார்ஜரின் மைனஸ் உடலில் ஓரிடத்தைத் தொடுகிறது; ஸ்டீரியோவின் மைனஸ் வேறோரிடத்தை. இரண்டையும் போனும் ஆக்ஸ் வயரின் மைனஸ் உறையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றன. ஒரு வளையம் உருவாகிவிட்டது. உடலில் இருக்கும் வித்தியாசம் அந்த உறை வழியாக மின்சாரத்தைத் தள்ளுகிறது. ஸ்டீரியோ பாட்டை அளப்பதோ அந்த உறையை ஆதாரமாகக் கொண்டுதான். ஆகவே உறையில் ஏறும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் பாட்டோடு கலந்துவிடுகிறது. மெல்லிய இசை ஓடும் இடங்களில் போனிலிருந்து வரும் சிக்னலே சில மில்லி வோல்ட்தான். இரைச்சலும் அதே அளவு. ஆம்ப் இரண்டையும் ஒரே மாதிரி பெருக்குகிறது.

என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: இரைச்சல் நுழையாமல் காக்க வேண்டிய உறையே அதைச் சுமந்து வருகிறது. பிளஸ் வயரில் எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டர் போட்டாலும் இந்த வழி திறந்தே இருக்கும். இது தெரியாமல் ஒன்றுக்கு இரண்டாக ஃபில்டர் வாங்கி மாட்டியவர்கள் எழுதிய கடிதங்களைப் படிக்க வருத்தமாக இருக்கிறது.

சோதனை மிக எளிது. பாட்டு ஓடும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் வளையம்தான் காரணம். டிக்கியில் ஆம்ப் வைத்திருப்பவர்கள், ஆம்பை அணைத்து, ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரைக் கழற்றிவிட்டு, ஆம்பை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். அமைதியானால் ஆம்பின் பவர் வயரைக் குறை சொல்ல வேண்டாம்.

தீர்வு, வளையத்தை வெட்டுவது. 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று விற்கும் சிறு உருளைக்குள் இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள் இருக்கின்றன. பாட்டு காந்தப்புலமாகக் கடக்கிறது. உலோகத் தொடர்பு இல்லாததால் எர்த் மின்சாரத்துக்கு வழியில்லை. மலிவானவற்றில் பேஸ் கொஞ்சம் குறையும். அதைவிட நல்லது, ஸ்டீரியோவையும் ஆம்பையும் ஒரே இடத்தில், பெயின்டைச் சுரண்டிய தகட்டில், தடித்த வயரால் எர்த் செய்வது. ஸ்டீரியோவின் எர்த் வயரையே கழற்றிவிடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். திரும்பும் மின்சாரம் முழுவதும் ஆர்சிஏ உறையில் பாய்ந்து, ஸ்டீரியோவின் உள்பகுதி கருகக்கூடும்.

ஃபில்டரே வேண்டாமா? பிளஸ் வழியாக வரும் இரைச்சலுக்கு வேண்டும். 1 மில்லி ஹென்றி காயிலும் 2,200 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் கணக்குப்படி சுமார் 107 ஹெர்ட்ஸுக்கு மேல் அடக்கத் தொடங்கும். 1,440 ஹெர்ட்ஸ் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆனால் கட்டைவிரல் அளவு காயிலின் மீது '20 ஆம்பியர்' என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். அந்த மின்சாரத்தில் அதன் உள்கரு காந்தத்தால் நிறைந்துவிடும். பிறகு அது வெறும் வயர்.

வண்டிக்கு ஏஐஎஸ் 004 மின்காந்த இணக்கச் சான்று இருக்கிறதே என்று கேட்கிறார்கள். வாகனத்தின் உமிழ்வுச் சோதனையில் ஆண்டெனா நிற்பது வண்டிக்கு வெளியே, 10 மீட்டர் அல்லது 3 மீட்டர் தள்ளி. பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு அது உத்தரவாதம் தருகிறது. நீங்கள் பிறகு மாட்டிய ஆம்புக்கும் சார்ஜருக்கும் அதில் இடமே இல்லை.

டேஷ்கேம் போட்டதும் எஃப்எம் இரைகிறதா? 12 வோல்ட்டை 5 ஆக்கும் அதன் அடாப்டர்தான் காரணம். வயரை ஆண்டெனா வயரிலிருந்து விலக்கி, இரு முனையிலும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

எல்இடி ஹெட்லைட் மாற்றிய பிறகு வரும் இரைச்சல்? பழைய பல்பைப் போட்டுப் பாருங்கள். நின்றால் எல்இடியின் டிரைவர் சர்க்யூட்தான் காரணம்.

டிக்கியில் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் விசில் போகுமா? எர்த் வளையத்தை அது தொடாது.

மின்சாரக் காரில்? ஆல்டர்னேட்டர் கிடையாது, ஆனால் டிசி–டிசி கன்வெர்ட்டரும் அதே எர்த் வளையமும் உண்டு.

பழைய பேட்டரியால் சத்தம் கூடுமா? கூடும், சிற்றலையின் பெரும்பகுதியை விழுங்குவது பேட்டரிதான், அது தளர்ந்தால் மீதி உங்கள் ஸ்பீக்கருக்கு வரும்.