சீழ் பிடிக்காத காய்ச்சல்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது பேண்டேஜ் துணி. புண்ணைக் கட்ட அது ஊர் ஊராகப் போகிறது. அதில் படியும் சீழைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். சீழில் பெரும்பகுதி, கிருமியோடு பொருதி மடிந்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள்தான். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்ட பெண்ணுக்குச் சில நாட்கள் அந்தச் சீழ்கூட வராது. ஆபத்தே அதுதான்.

நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. அவற்றின் ஆயுள் குறைவு; உற்பத்தி நின்றால் கையிருப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். கீமோ மருந்துக்குப் புற்றணு, மஜ்ஜையணு என்ற பேதம் தெரியாது. வேகமாகப் பெருகுவது எதுவானாலும் அடிக்கும். பெரும்பாலும் மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்கவேண்டிய நியூட்ரோஃபில்கள் 500-க்கும் கீழே போய்விடலாம். அதே நாட்களில் வாயும் குடலும் உள்ளே புண்ணாகியிருக்கும். காலமெல்லாம் குடலில் சாதுவாகக் குடியிருந்த பாக்டீரியா அந்த வழியே ரத்தத்தில் இறங்கும். வீட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்ட குடும்பத்திலும் இது நடக்கும். யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சிவப்பில்லை, வீக்கமில்லை. பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. கிருமி எதுவென்று பரிசோதனையில் தெரியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடுகிறது. காத்திராமல் உடனே ஆன்டிபயாட்டிக் தொடங்கலாம் என்று ஷிம்ப்ஃப் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் 1971-இல் காட்டினார்கள். இன்று, ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி என்பதே விதி. ராஜபாளையத்திலிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்கு மேல். அங்கே கீமோ போட்ட டாக்டரையே பார்க்கலாம் என்று விடியும்வரை, முதல் பஸ்வரை பொறுத்திருப்பது பெரும் தவறு. 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு, ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். “கீமோ போட்டுப் பத்து நாள் ஆகிறது, காய்ச்சல்” என்பதே அங்கே முதல் வார்த்தையாக இருக்கட்டும். கீமோ சீட்டும் கையில் வேண்டும்.

மஜ்ஜையைத் தட்டி எழுப்ப ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசி உண்டு; அமெரிக்காவில் 1991-இல் அனுமதி பெற்றது. ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்து அதைத் தயாரிக்கிறார்கள். குடலிலிருந்து ரத்தத்தில் இறங்கி இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் கிருமிகளில் முக்கியமானதும் ஈ.கோலைதான்! எனக்கு இது தீராத வியப்பு.

இந்த ஊசிக்குப் பிறகு இடுப்பும் முதுகும் குடைந்து வலிக்கலாம். நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று பலர் தூக்கம் இழக்கிறார்கள். பெரும்பாலும் அது மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதால் வரும் வலி. சில நாட்களில் அடங்கும். டாக்டரிடம் சொன்னால் பாராசிட்டமால் தருவார். மாத்திரையை விழுங்கும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும்.