நாலாவது நிபந்தனை

இரிங்க தம்பி, பிளேன்டி ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் உள்ளுக்குள் வெந்தானே அமீர், அது தவ்பா, அதாவது பாவமன்னிப்புத் தேடல், ஆகாதா என்று கேட்டீர்கள். அமீர் வருவது காலித் ஹுசைனியின் 2003இல் வெளியான நாவலில், தமிழில் ‘பட்ட விரட்டி’. கல்முனைக்காரருக்கு அது தூரத்துக் கதையே இல்லை.

நம் ஊரில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார். ஜனாஸா தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, வாப்பா யாருக்கும் கடன்பட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்பான். ஏன்? இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீனில் தவ்பாவுக்கு நிபந்தனை சொல்கிறார். பாவத்தை விடவேண்டும், கைசேதப்பட வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும். அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டதென்றால் இந்த மூன்று போதும். இன்னொருவரின் ஹக்கு, அதாவது உரிமை, கலந்திருந்தால் நாலாவது ஒன்று: அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும், அல்லது அவர் பொறுக்க வேண்டும்.

இனிக் கதைக்கு வருவோம். 1975 குளிர்காலம், காபூல். அமீருக்காகப் பட்டம் எடுக்க ஓடிய, அவன் வீட்டு வேலைக்காரரின் மகன் ஹசனை ஒழுங்கையில் மடக்கிச் சீரழித்தார்கள். 12 வயது அமீர் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு ஓடினான். சின்னப் பிள்ளை, பயந்துவிட்டான் என்று அதை விடலாம். எனக்குப் பொறுக்காதது அடுத்தது. ஹசனின் முகத்தில் முழிக்க முடியாமல், தன் கைக்கடிகாரத்தையும் காசையும் அவன் மெத்தைக்குக் கீழே வைத்துக் கள்ளப் பட்டம் கட்டினான். ஹசன் மறுக்கவில்லை, தான்தான் எடுத்ததாக ஏற்றுக்கொண்டான். வீட்டைவிட்டுப் போனான். கைசேதம் உரியவனிடம் போய்ச் சேராமல் உள்ளேயே கிடந்தால் இப்படித்தான், இன்னொரு துரோகமாக வெளியே வரும்.

2001இல் அமீருக்குத் தெரியவருகிறது: தாலிபான்கள் சுட்டு ஹசன் மௌத்து. அதோடு, ஹசன் அமீரின் வாப்பாவுக்கே பிறந்தவன். ஜனாஸாவில் எழுந்து நிற்கும் மகனை நினைத்துப் பாருங்கள் தம்பி. வாப்பாவின் கடனும் இப்போது இவன் தலையில். மாப்புக் கேட்க ஹசன் இல்லை. அவன் மகன் சொஹ்ராப் காபூலில் இருக்கிறான். அடிபட்டு, உயிர் தப்பி, பிள்ளையைக் கொண்டுவருகிறான் அமீர்.

அதற்குப் பிறகும் தவறுகிறான். அநாதை இல்லத்துக்கு அனுப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன், கொஞ்ச நாள் அங்கே இருக்கவேண்டி வரலாம் என்கிறான். பிள்ளை உயிரை விடத் துணிந்து, தப்பி, பேச்சை நிறுத்திவிடுகிறான்.

கடைசியில் அமெரிக்காவில் ஒரு பூங்கா. அமீர் வாங்கிக்கொடுத்த பட்டம் இன்னொன்றை அறுக்கிறது. சொஹ்ராபின் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைகிறது. அறுந்த பட்டத்தின் பின்னால் இந்த முறை ஓடுகிறவன் அமீர்.