தலை எரிந்தால் கழுத்தையும் பாருங்கள்

“மிஸ்ஸி, உச்சந்தலை கொதிக்குதுங்க. சீப்பு பட்டாலே தணலை வச்ச மாதிரி இருக்கு.”

இலங்கையின் உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தாதியாக வேலை பார்த்த காலத்தில் இந்த முறைப்பாட்டை அடிக்கடி கேட்டிருக்கிறேன். முடியைப் பிரித்துப் பார்த்தால் பொடுகு, பேன், புண் எதுவும் இருக்காது. பெனடோலைக் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் சித்தாலேப தைலம் தேய்ப்பார்கள், நல்லெண்ணெய் வைப்பார்கள், அதற்கும் அடங்காவிட்டால் திருநீறு போடுவார்கள். கடைசியில் “மனசுல ஏதோ கவலை” என்று முடித்துவிடுவார்கள்.

வலி பொய்யல்ல. தோலில் கோளாறு இல்லாமலே நரம்பு எரியலாம். பின்மண்டையின் உணர்ச்சியைக் கழுத்தின் மேற்பகுதியிலிருந்து ஏறும் நரம்புகள் கொண்டுபோகின்றன. நெற்றிப் பக்கத்தை முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு பார்த்துக்கொள்கிறது. புருவத்திலிருந்து பிடரி வரை மண்டையைப் போர்த்திய தசைநார்ப் படலமும் உண்டு. கழுத்துத் தசை இறுகினால் அந்தப் படலமும் இழுபட்டு எரிச்சல் தரலாம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள்.

1998 இல் அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் இப்படித் தலை எரிந்த 11 பெண்களைப் பற்றி எழுதினார்கள். 2013 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 15 பேரில் 14 பேருக்குக் கழுத்தெலும்பில் கோளாறு படத்தில் தெரிந்தது. ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையில்தான் அது அதிகம்.

நம் மலைகளில் கழுத்து படும் பாட்டைச் சொல்லவா வேண்டும்? கொழுந்துக் கூடையின் கயிறு தலைமேல்தான் மாட்டப்படுகிறது. உறுத்தாமலிருக்க அடியில் துணியை மடித்து வைப்பார்கள். கூடை நிறைய நிறையக் கயிறு தலையைப் பின்னால் இழுக்கும். விழாமலிருக்கக் கழுத்து முன்னால் நீளும். கண் கொழுந்தில் இருப்பதால் முகம் குனிந்தே இருக்கும். அப்படியே சரிவில் ஏறி, மடுவத்தில் நிறுத்துப் போடும்வரை இறக்கி வைக்க வழியில்லை. கூடை போய்ப் பை வந்த தோட்டங்களிலும் பல இடங்களில் பாரம் இன்னும் தலையில்தான்.

எல்லா எரிச்சலுக்கும் கயிறே காரணம் என்று சொல்ல வரவில்லை. சாயம் ஒத்துக்கொள்ளாமை, முடி கொட்டுதல், இறுக்கிப் போட்ட கொண்டை எல்லாம் காரணமாகலாம். ஒரு பக்கம் மட்டும் எரிந்து கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி, மெல்லும்போது தாடைவலி, பார்வை மங்கல் வந்தால் அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருந்து கண்ணையே பறிக்கக்கூடும்.

கழுத்தால் வரும் எரிச்சலுக்குக் கழுத்துப் பயிற்சியும், நரம்பின் எரிச்சலைத் தணிக்கும் மாத்திரைகளும் கைகொடுக்கலாம். அவற்றில் அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தரப்படுவது. “என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டாங்க” என்று அதைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. நரம்பு வலிக்குத் தரும் அளவு சிறியது, நோக்கமும் வேறு.

ஆஸ்பத்திரிக்குப் போனால் தலையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கழுத்தைத் திருப்பினால் எரிச்சல் கூடுகிறதா, விரல் விறைக்கிறதா, எத்தனை வருஷம் கயிறு மாட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.