புதுவையில் வீட்டு மானியமும் குடும்ப நலமும்

கீற்றுக் கூரையின் கீழ் வாழும் குடும்பத்திற்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் செலவு ஒன்று உண்டு. ஐப்பசி மழை தொடங்குமுன் மட்கிய கீற்றைக் களைந்து புதியதை வேய வேண்டும்; மூங்கிலும் கயிறும் வாங்க வேண்டும்; வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் இழக்க வேண்டும். இவ்வாறு பல ஆண்டுகளாகச் செலவான பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அது ஒரு நல்ல சுவரை எழுப்பப் போதுமானதாக இருக்கும். ஆனால் அப்பணம் ஒருபோதும் மொத்தமாக ஏழையின் கைக்கு வருவதில்லை. அவன் சிறுகச் சிறுக இழப்பதை ஒரே காலத்தில் முன்கூட்டித் தருவதே வீடு கட்டும் மானியத்தின் உட்பொருள். இம்மானியம் ஒரு குடும்பத்தின் நலத்தை எவ்வளவு தூரம் உயர்த்துகிறது, எவ்விடத்தில் உயர்த்தாமல் நின்று விடுகிறது என்பதைப் புதுவை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் நிர்வாகத்திற்கு வந்த புதுவை, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக்காரர் வகுத்த நகரம் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. நேர்கோட்டுத் தெருக்களுக்குப் பெயர் பெற்ற அந்நகரத்தின் ஓரங்களில், கடற்கரைக் குப்பங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் கூலி வேலை செய்வோரின் குடிசைகள் பெருகின. 2011-ஆம் ஆண்டின் மக்கள் கணக்குப்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 100 பேரில் 68 பேர் நகரவாசிகள். பாகூர், வில்லியனூர் போன்ற கொம்யூன் பஞ்சாயத்துகள் நகரத்திலிருந்து சிறிது தூரத்திலேயே உள்ளன. ஆதலால் அங்கே நகரத்து ஏழை என்றும் கிராமத்து ஏழை என்றும் பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

இக்குடிசைகளை நிலையான வீடுகளாக மாற்றப் புதுவை அரசாங்கம் மேற்கொண்ட முயற்சிகளுள் முக்கியமானது பெருந்தலைவர் காமராசர் நூற்றாண்டு வீடு கட்டும் திட்டமாகும். சொந்த மனையில் குடிசை போட்டிருப்பவர்கள் அதே இடத்தில் கல்வீடு கட்டிக்கொள்ளக் குடிசை மாற்று வாரியத்தின் வாயிலாக இம்மானியம் வழங்கப்பட்டது. 2015-இல் மத்திய அரசாங்கம் நகர்ப்புறங்களுக்கென்று பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தைத் தொடங்கியபோது, சொந்த மனையில் கட்டும் வீடு ஒன்றுக்கு 1,50,000 ரூபாய் மத்திய உதவியாக நிர்ணயிக்கப்பட்டது. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவரின் பெயரிலோ இருக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் விதி. பணத்தைவிட இந்த விதி பெரிது என்று கருதுவோரும் உண்டு. குடித்துவிட்டு வரும் கணவன் மனைவியை வீட்டை விட்டு வெளியே போ என்று சொல்வதற்கு அங்கே சட்டம் இடங்கொடாது.

கூரையின் அருமை புயலின்போது தெரியும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அதிகாலையில் ‘தானே’ புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது இரு பகுதிகளிலும் கூரை வீடுகள் பெரும் சேதம் அடைந்தன. 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் புதுவை அருகே கரையேறியது. அப்போது காற்றைவிட மழையே கொடியதாயிற்று. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து தெருக்களில் வெள்ளம் நின்றது. கூரை உறுதியாக இருந்தும் தரைமட்டம் தாழ்ந்த வீடுகளில் நீர் புகுந்தது. கான்கிரீட் போட்டுவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோருக்கு அது ஒரு பாடம்.

தரையைப் பற்றிப் பேச வேறொரு காரணமும் உண்டு. மெக்சிகோ நாட்டில் கோவாவிலா என்ற மாகாணத்தின் அரசாங்கம், ஏழைகளின் வீடுகளில் மண் தரையை நீக்கிச் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்தது. புது வீடு தரவில்லை, கூரையைத் தொடவில்லை, தரை ஒன்றே, 50 சதுர மீட்டர் வரையில். அங்குள்ள தொரேயோன் நகரத்துக் குடும்பங்களையும், அடுத்த மாகாணத்தைச் சேர்ந்ததால் அவ்வுதவி கிட்டாத பக்கத்து நகரக் குடும்பங்களையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டு 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். வீடு முழுவதும் மண் தரை மாறிச் சிமெண்டுத் தரை வந்தால் குழந்தைகளிடம் குடற்புழுக்கள் 78 சதவிகிதமும், வயிற்றுப்போக்கு 49 சதவிகிதமும், இரத்தசோகை 81 சதவிகிதமும் குறையும் என்று அவர்கள் கணக்கிட்டனர். தாய்மார்களின் மனச்சோர்வும் கவலையும் குறைந்தன. தவழும் குழந்தை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அம்மண்ணில் புழுவின் முட்டை இருக்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் நம் ஊர்களில் வீட்டுப் பணம் தீர்ந்துபோகும்போது கடைசியாக ஒத்திப் போடப்படுவது தரையும் கழிவறையுமே என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீடு எங்கே அமைகிறது என்பது அடுத்த கேள்வி. 1987-இல் அகமதாபாத்தில், பெரும்பாலும் பீடி சுற்றிப் பிழைத்த பெண்களுக்கு, நகரிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி வீடுகள் கட்டிச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சீட்டு விழுந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அங்கே குடியேறவே இல்லை. மற்றுமொரு மூன்றில் ஒரு பங்கினர் போய்விட்டுத் திரும்பிவிட்டனர். வீடு என்னவோ முன்னையதைவிட நல்ல வீடுதான். ஆனால் அவசரத்திற்குக் கைமாற்றுக் கேட்க உறவினர் அருகில் இல்லை. சென்னையின் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்களும் வேலையிடம் தொலைவாகிவிட்டது என்ற குறையையே முதலில் கூறினர்.

இந்த வகையில் புதுவைத் திட்டத்தின் போக்கு சரியானது என்றே தோன்றுகிறது. குடிசை இருந்த மனையிலேயே வீடு எழுவதால் பள்ளிக்கூடமும் வேலையும் அண்டை வீட்டாரும் மாறுவதில்லை. ஆயினும் சொந்த மனை இல்லாதவனுக்கு இதனால் பயன் இல்லை. வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் இருப்பவர்களே மிகவும் வறியவர்கள். பட்டா இல்லாத காரணத்தால் அவர்களே மானியத்திற்கு வெளியே நிற்கிறார்கள். மனைப்பட்டா முன்னே செல்லாவிட்டால் மானியம் ஓரளவு வசதியுள்ளவரையே போய்ச் சேரும்.

இனி, அதிகம் பேசப்படாத கடன் விஷயத்திற்கு வருவோம். மானியம் வீட்டின் முழு விலையன்று. எடுத்துக்காட்டாக, வீட்டிற்கு 5 லட்சம் ரூபாய் ஆகிறது, மானியம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 லட்சத்தை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி ஆகிறது. மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் கட்டிய வட்டி மட்டுமே மானியத் தொகையைத் தாண்டிவிடும். அசல் அப்படியே நிற்கும். தவணைப் பணம் தாமதமாக வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அடித்தளம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் இடக்குறியோடு படம் பிடித்து அனுப்பிய பின்னரே அடுத்த தவணை வருகிறது. முறைகேட்டைத் தடுக்க இது தேவையான ஏற்பாடுதான். ஆனால் படம் எடுக்க வர வேண்டியவர் ஒரு மாதம் வராவிட்டால், குடிசையைப் பிரித்துவிட்ட குடும்பம் அந்த மாதமும் வாடகை கொடுத்துக் காத்திருக்கிறது. நலத்திற்காக வந்த பணம் கவலையாக மாறுவது இப்படித்தான்.

தமிழ்நாட்டில் 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டிற்கு 3.5 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்ததன் பயன் இங்கே விளங்கும். 2016-இல் தொடங்கிய மத்திய கிராம வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிகளுக்கு 1,20,000 ரூபாயே அளவு. தொகை வீட்டின் விலையை நெருங்க நெருங்கக் கந்துவட்டிக்காரனின் வேலை குறைகிறது. கிடைத்த தொகைக்குள் அடங்கும் அளவில் வீடு கட்டுவதும் ஓர் உபாயமே. ஆனால் அண்டை வீட்டை விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது?

புதுவைத் தமிழர் தெருக்களின் பழைய வீடுகளில் திண்ணையும் தாழ்வாரமும் உண்டு. மானிய வீட்டில் முதலில் வெட்டுப்படுவது அந்தத் திண்ணை. பகலெல்லாம் வீட்டிலிருக்கும் முதியவர்களுக்குச் சித்திரை வெயிலில் கான்கிரீட்டுத் தளத்தின் கீழ் இருப்பது கடினம். கீற்றே குளிர்ச்சி என்று அவர்கள் சொல்வது வெறும் பிடிவாதமன்று. வாசலில் மூன்றடி நிழலும், தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் பெரிய செலவல்ல. புதுவைக்கு அருகே ஆரோவில்லில், சிறிதளவு சிமெண்டு சேர்த்து அழுத்திச் செய்த மண் கற்களால் வீடு கட்டும் முறையைப் பல ஆண்டுகளாகப் பயிற்றுவித்து வருகிறார்கள். அக்கற்களைச் சூளையில் சுட வேண்டியதில்லை.

புதுவையில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பின்னர்ப் பல ஆண்டுகள் அதிகாரிகளே கொம்யூன்களை நிர்வகித்து வந்தனர். தவணை நின்றுபோன குடும்பம் சென்று முறையிட, அவ்வூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை. தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துகளில் உறுப்பினர்கள் பதவியிலிருக்கும் காலத்தில் செய்யக்கூடியது இதுதான்: தம் வார்டில் பாதியில் நிற்கும் வீடுகளைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் எத்தனை நாளாக நிற்கிறது, எவ்வளவு வெளிக்கடன் வாங்கப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கிராம சபையில் படிக்கலாம். புதிதாக அடித்தளம் போடும் இடங்களில், சென்ற பெருமழையில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று முதியவர்களைக் கேட்டு, அதற்கு மேல் ஓரடியாவது தரையை உயர்த்தும்படி கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சுவர் எழுந்த பிறகு அதைச் செய்ய இயலாது.