நால்வர் அணியும் சமநிலையும்

அணி என்னும் சொல் வரிசையையும், அழகையும், படையின் வகுப்பையும் குறிக்கும். இம்மூன்றனுள் வரிசை என்னும் பொருளே வீடியோ விளையாட்டுகளில் கதைமாந்தரைச் சேர்த்து அணியமைக்கும் முறையை விளக்கப் பெரிதும் துணைசெய்வதாகும். இன்று நம் மாணவருள் பலர் இவ்விளையாட்டுகளில் தோய்ந்துள்ளனர். ஆதலின், 'சமநிலை உடைய அணி' என்று அவர் கூறுவது யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு, மாந்தரைப் போர்வீரர், மாயவித்தையர், சமயகுரவர் என மூவகைப்படுத்தியது. பின்னர்த் தோன்றிய பல கணினி விளையாட்டுகளில் தாக்குவோர், தாங்குவோர், நலம் செய்வோர் என்னும் முப்பகுப்பு வேரூன்றிற்று. வகைக்கு ஒருவரைச் சேர்த்தலே சமநிலை என்னும் கருத்து இதனால் எழுந்தது. இக்கருத்து எல்லா இடத்தும் பொருந்துமா என்பதே வினா.

சீனநாட்டு ஷாங்காய் நகரத்து மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற சான்றாகும். இதில் அணி என்பது நால்வரைக் கொண்டது. ஆயினும் ஒரு பொழுதில் களத்தில் நிற்பவர் ஒருவரே. ஏனைய மூவர் மறைவில் நிற்பர். களம் விட்டு நீங்கிய பின்னரும் சிலர் ஏவிய திறன் தொடர்ந்து வினைபுரியும். தீ, நீர், மின், பனி, காற்று, பாறை, தாவரம் என ஏழு பூதங்கள் உள. மாந்தர் ஒவ்வொருவரும் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றற்கு உரியவர்.

இரு பூதங்கள் பகைவர்மேல் கூடும்போது புதியதொரு விளைவு பிறக்கும். நீரும் பனியும் கூடின் பகைவர் உறைவர். தீ பட்டவர்மேல் நீர் பாயின் அத்தாக்கு 2 மடங்காகும். நீர் பட்டவர்மேல் தீ பாயின் 1.5 மடங்காகும். பொருள்கள் அவையே, முறை மாறப் பயனும் மாறுகின்றது. எனவே, யார் உளர் என்பதோடு யார் முன், யார் பின் என்பதும் அணியின் இலக்கணமாகின்றது.

இதற்கு எடுத்துக்காட்டாகச் சியாங்லிங், பென்னட், சிங்ச்சியூ, சோங்யுன் ஆகிய நால்வரைக் கொண்டதும், ஆடுவோர் 'நேஷனல்' அணி என வழங்குவதுமான அணியைக் கொள்ளலாம். இதில் முதலிருவரும் தீக்கு உரியவர். 'வகைக்கு ஒருவர்' என்பார் இதனைக் குறையெனக் கருதுவர். ஆனால், தீக்குரியார் இருவர் சேரின் அணியின் தாக்கும் வலிமை 25 விழுக்காடு மிகும் என்பது இவ்விளையாட்டின் விதி. நால்வரும் நான்கு வேறு பூதத்தவராயின் கிட்டுவது 15 விழுக்காட்டுத் தடுப்பு வலிமையே. பன்மை காவலைத் தருகின்றது. ஒருமை தாக்குதலைத் தருகின்றது. இரண்டனுள் எது வேண்டும் என்பது போரின் தன்மையைப் பொறுத்தது.

இனி வரிசையைக் காண்போம். முதற்கண் சிங்ச்சியூ தம் நீர்வாள்களை ஏவுகிறார். அடுத்துப் பென்னட் தரையில் ஒரு வட்டம் அமைக்கிறார். அதனுள் நிற்பார்க்கு வலிமை மிகும், நலிந்தார்க்கு நலம் உண்டாகும். அவ்வட்டத்துள் நின்று சியாங்லிங் சுழல்தீயை எழுப்புகிறார். எழுப்பிய நொடியில் பெற்றிருந்த வலிமை, வட்டம் மறைந்த பின்னரும் அத்தீயில் நிலைக்கும். சியாங்லிங் முந்திப் பென்னட் பிந்தினால் இப்பயன் இல்லை.

சுழல்தீயை எழுப்ப 80 அலகு ஆற்றல் வேண்டும். திறனைப் பயன்படுத்துங்கால் ஆற்றல் துகள்கள் தோன்றுகின்றன. களத்தில் நிற்பவர் தம் பூதத்துத் துகள் ஒன்றால் 3 அலகு பெறுவார். மறைவில் நிற்பவர் அதில் 60 விழுக்காடாகிய 1.8 அலகே பெறுவார். ஆகவே பென்னட் தீத்துகளைத் தோற்றுவித்தவுடன் சியாங்லிங் களம்புகுந்து அதனை ஏற்றல் வேண்டும். இரு தீமாந்தர் ஓரணியில் நிற்பதன் உட்காரணம் இதுவே.

ஓர் அணி சமநிலை உடையதா என்பதை அறிய நீக்கல் முறை உதவும். பென்னட்டை நீக்கின் வலிமை, நலம், ஆற்றல் என்னும் மூன்றும் குன்றும். சிங்ச்சியூவை நீக்கின் 1.5 மடங்கு விளைவு இல்லையாகும். சியாங்லிங்கை நீக்கின் ஏனையோர் உதவி சென்று சேர இடமில்லை. சோங்யுனை நீக்கினாலோ அணி சிதைவதில்லை. ஆண்டு, பூதவிளைவைப் பரப்பும் சுக்ரோஸையோ, ஆற்றலை மீட்டளிக்கும் ரைடன் ஷோகனையோ சேர்ப்பாரும் உளர். எனவே மூவர் அணியின் உயிர், நான்காமவர் குறைநிரப்பி. தனித்தனி ஆற்றலின் கூட்டுத்தொகை சமநிலையன்று. ஒருவர் வினை மற்றொருவர்க்கு இன்றியமையாததாதலே சமநிலை என்க.

இம்முடிபு பொருட்செலவோடும் தொடர்புடையது. இவ்விளையாட்டில் மாந்தர் பெரும்பாலும் குலுக்கல் முறையிலேயே கிடைக்கின்றனர். ஐந்து விண்மீன் தரத்தார் ஒரு முயற்சியில் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு; 90ஆம் முயற்சிக்குள் ஒருவர் உறுதி. அம்முயற்சிகளுக்காகப் பணம் செலவிடுவோர் பலர். மேற்கூறிய நால்வரோ நான்கு விண்மீன் தரத்தார். அவருள் சியாங்லிங், 'ஸ்பைரல் அபிஸ்' என்னும் போர்க்கூடத்தின் 3ஆம் தளத்தை முடிப்பார்க்கு விலையின்றியே கிடைப்பவர். அக்கூடத்தின் 9 முதல் 12 வரையுள்ள தளங்களில் இரண்டு அணிகள் வேண்டும். ஒருவரை இரண்டிலும் நிறுத்தல் இயலாது. ஆண்டு, அரியவர் ஒருவரை வாங்கி வைத்திருத்தலினும், எண்மரை இரு நால்வராகப் பகுக்கும் அறிவே பெரிதும் பயன்படும்.

இலக்கியத்தில் மாந்தரை அவர்தம் பண்பு கொண்டு மதிப்பிடுகிறோம். இங்கோ அவர் பிறரோடு கொள்ளும் இயைபு கொண்டு மதிப்பிடல் வேண்டும். வகைக்கு ஒருவர் என எண்ணிச் சேர்த்தலும், விலைமிக்கார் நால்வரைக் குவித்தலும் இவ்வியைபைத் தாரா. பணம் செலவிடத் துணியும் மாணவர், தம்மிடம் உள்ள மாந்தரை முதற்கண் வரிசைமாற்றி ஆடிப் பார்த்தல் நன்று.