மேசை மேல் உலகம் – 9: ஊட்டியில் விதி, கொச்சியில் கோப்பை

ஐந்துக்குப் பூஜ்யம். 2013 அக்டோபரில் டெல்லியில் நடந்த முதல் இந்தியன் ஓபன் ஸ்னூக்கர் இறுதி ஆட்டத்தின் முடிவு இது. வென்றவர் சீனாவின் டிங் ஜுன்ஹுய். தோற்றவர் மும்பைக்காரர் ஆதித்யா மேத்தா. முடிவை மட்டும் பார்த்தால், நம்மாள் ஒரு ஃபிரேம்கூட, அதாவது ஒரு தனி ஆட்டம்கூட, எடுக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு வாரக் கதை இருக்கிறது. தொழில்முறை ஸ்னூக்கரில் ‘தரவரிசைப் போட்டி’ என்பதுதான் உண்மையான களம். அங்கே ஜெயிக்கிற பணத்தை வைத்துத்தான் ஒருவருடைய இடமே முடிவாகும். அப்படியொரு போட்டியின் இறுதி ஆட்டத்தை மேத்தாவுக்கு முன்னால் எந்த இந்தியரும் எட்டியதில்லை. அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மகுவயரை 4-3 என்று கடைசி ஃபிரேமில் வீழ்த்தித்தான் அவர் உள்ளே வந்தார். எதிரே நின்ற டிங் அந்த சீசனில் மட்டும் ஐந்து தரவரிசைப் பட்டங்களை அள்ளியவர். அவரிடம் தோற்றது பெரிய குற்றமில்லை. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் நடந்த ஒரு போட்டியில் மேத்தா 147 புள்ளி எடுத்தார். தொழில்முறைப் போட்டியில் 147 எடுத்த முதல் இந்தியர் அவர்தான். அன்றைக்கு எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் யார் தெரியுமா? அதே மகுவயர்!

147 என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையில் நான் ஸ்னூக்கர் மேசை எதையும் பார்த்ததில்லை. ஆனால் கேரம் போர்டு தெரியாத பையன் கிடையாது. கேரமில் சிவப்பைப் போட்டால் கையோடு ஃபாலோவும் போட வேண்டும் அல்லவா? ஸ்னூக்கரில் ஆட்டம் முழுக்கவே அந்தக் கதைதான். மேசையில் 15 சிவப்புப் பந்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒரு சிவப்பைப் போட்டால் அடுத்து ஒரு வண்ணப் பந்தைப் போட வேண்டும். மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கருப்புக்கு 7. குழியில் விழுந்த வண்ணப் பந்து திரும்பத் தன் இடத்துக்கு வந்துவிடும், சிவப்பு வராது. 15 முறையும் சிவப்புக்குப் பின் கருப்பையே போட்டால் 120. கடைசியில் ஆறு வண்ணங்களையும் வரிசையாகப் போட்டால் 27. கூட்டினால் 147. நடுவில் ஒரு பந்து தவறினாலும் எழுந்து போய் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான்.

பந்தைக் குழியில் போடுவதல்ல கஷ்டம். போட்ட பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கஷ்டம். நல்ல ஆட்டக்காரர் குறி வைப்பது அடுத்த பந்துக்கு. போட வழியில்லை என்றால் வெள்ளையை வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, எதிராளியை நேராக அடிக்க முடியாமல் முழிக்க விடுவார். அதற்குத்தான் ‘ஸ்னூக்கர்’ வைப்பது என்று பெயர்.

டெல்லிக்குப் பிறகு இந்தியன் ஓபன் ஊர் ஊராகச் சுற்றியது. 2015 மார்ச்சில் மும்பை. வேல்ஸின் மைக்கேல் ஒயிட் இறுதியில் ரிக்கி வால்டனை மறுபடியும் அதே 5-0 கணக்கில் துடைத்துப் போட்டார். 2016இல் ஐதராபாத். ஸ்காட்லாந்தின் ஆன்டனி மெகில், கைரன் வில்சனை 5-2 என வென்றார். 2017இல் விசாகப்பட்டினத்துக்குப் பட்டத்தைக் காப்பாற்ற வந்த மெகில் மீண்டும் இறுதிவரை வந்துவிட்டார். ஆனால் அங்கே காத்திருந்தவர் ஜான் ஹிக்கின்ஸ். 5-1. ஹிக்கின்ஸுக்கு அது 29ஆவது தரவரிசைப் பட்டம். 2019 மார்ச் 3ஆம் தேதி கொச்சியில் இங்கிலாந்தின் மேத்யூ செல்ட், சீனாவின் லியூ ஹாவ்டியனை 5-3 என்று வென்று 50,000 பவுண்ட் பரிசை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த ஐந்து முடிவுகளில் என் கண்ணில் படுவது ஒன்று. ஒயிட், மெகில், செல்ட் மூவருக்கும் வாழ்க்கையின் முதல் தரவரிசைப் பட்டம் கிடைத்தது இந்திய மண்ணில்தான். செல்ட் 2002இல் தொழில்முறைக்கு வந்தவர். கோப்பையைத் தொட 33 வயதை எட்ட வேண்டியிருந்தது. காரணம் ரொம்ப மர்மமானதல்ல. உலக சாம்பியன்ஷிப் இறுதி என்றால் 35 ஃபிரேம்கள் வரை இழுக்கும். முதலில் 18 எடுப்பவருக்குப் பட்டம். நடுவில் சறுக்கினாலும் பெரிய ஆட்டக்காரர் திரும்பி வர நேரமிருக்கும். இந்தியன் ஓபனில் அரையிறுதி வரை நான்கு ஃபிரேம் எடுத்தால் போதுமாக இருந்தது. இறுதியில் ஐந்து. ஒரு மாலை நேரம் கை நன்றாக ஓடினால் யாரும் யாரையும் சாய்க்கலாம். போதாததற்கு, இவ்வளவு தூரம் பயணம் செய்ய விரும்பாத சில பெரிய பெயர்கள் வந்ததுமில்லை. அதனால் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வந்தவர்களில்தானே வென்றாக வேண்டும்.

அப்படியானால் வீட்டிலேயே இருக்கும் இந்தியர்கள் ஏன் மேத்தாவுக்குப் பிறகு இறுதிக்கே வரவில்லை? திறமைக்குப் பஞ்சமில்லை. பெங்களூரின் பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டிலுமாக 25க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் வென்றவர். அவரும் தொழில்முறைச் சுற்றில் இரண்டு சீசன் ஆடிப் பார்த்துவிட்டு 2014இல் விலகிக்கொண்டார். அந்தச் சுற்றில் இருக்க வேண்டுமென்றால் இங்கிலாந்தில் வீடு பிடித்து, குளிரில் பயிற்சி செய்து, தகுதிச் சுற்றுகளுக்கு அலைய வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் கையில் பெரிதாக எதுவும் நிற்காது. சீனாக்காரர்கள் கூட்டமாகப் போய் அங்கேயே தங்கிப் பழகினார்கள். அதன் பலன் 2025இல் வந்தது. ஜாவ் சின்டாங், மார்க் வில்லியம்ஸை 18-12 என வென்று உலக சாம்பியன் ஆனார். ஆசியாவிலிருந்து முதல் ஆள்.

இன்னொரு தடை மேசையே. 12 அடி நீளம், 6 அடி அகலம். பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது மரமல்ல, கல். ஐந்து பலகைக் கற்களை ஒட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, இணைப்புத் தெரியாமல் பூசி, மேலே கம்பளித் துணியை இழுத்துக் கட்டுவார்கள். எடை ஒரு டன்னைத் தாண்டும். அந்தத் துணிக்கு ஒரு பக்கமாகப் படிந்த ரோமம் உண்டு. அதன் போக்கிலேயே பிரஷ் போட்டு, அதன் போக்கிலேயே இஸ்திரி போட வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் பந்து கனத்துப் போய் நகரும் என்பதால் பெரிய போட்டிகளில் கல்லுக்கு அடியிலேயே சூடேற்றி வைப்பார்கள். மாடியில் ஓர் அறை எடுத்து நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் நடத்திவிடலாம் என்பது இதில் நடக்காது. அதனால்தான் இந்த ஆட்டம் கிளப்புகளுக்குள்ளேயே வளர்ந்தது.

அந்தக் கிளப்புகளில் ஒன்று நம் ஊட்டியில் இருக்கிறது. 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், மழைக்காலத்தில் பொழுது போகாமல் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய பந்தாட்டம் ஒன்றில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து விளையாடிப் பார்த்தார். பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். கற்றுக்குட்டி ராணுவ மாணவனைக் கேலியாக அழைக்கும் சொல்தான் ‘ஸ்னூக்கர்’. பந்தைத் தவறவிட்ட ஒருவரை அவர் அப்படிக் கிண்டல் செய்ய, ஆட்டத்துக்கே அது பெயராகிவிட்டது. 1880களின் தொடக்கத்தில் அவர் சென்னை ராணுவத் தளபதி ராபர்ட்ஸின் பரிவாரத்தோடு கோடைக்கு ஊட்டிக்கு வந்தார். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் இந்த ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அந்த அறை இன்றும் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு மட்டும்.

விதியை எழுதி மாட்டிய மாநிலத்துக்கு இந்தியன் ஓபன் ஒருமுறைகூட வரவில்லை. டெல்லிக்கும் மும்பைக்கும் போனது, தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும் போனது, பக்கத்துக் கேரளத்துக்கும் போனது. நமக்கு இல்லை.

ஆனாலும் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் உலகப் பட்டத்தோடு வந்துவிட்டார். 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த ஐ.பி.எஸ்.எஃப். (சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பு) உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதியில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என வென்றார். அந்தப் பட்டத்தைத் தனிநபர் பிரிவில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். இங் ஆன் யீ லேசுப்பட்டவர் அல்ல. 2017இல் சிங்கப்பூரில் நடந்த மகளிர் உலக சாம்பியன்ஷிப் இறுதியில், இந்தியாவின் வித்யா பிள்ளையைக் கடைசி ஃபிரேம் வரை இழுத்து 6-5 என்று வீழ்த்தியவர். எட்டு ஆண்டு கழித்து அந்தக் கணக்கு நேரானது என்று நான் சொன்னால், அதில் கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

கேரமில் மரிய இருதயம் தொடங்கி காசிமா வரை உலக சாம்பியன்களைத் தந்த மாநிலம் இது. கையும் கண்ணும் கோணக் கணக்கும் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது அந்தக் கல் மேசை.

2022இல் மாமல்லபுரத்துக்கு செஸ் ஒலிம்பியாட் வந்தது. 2023இல் சென்னைக்கு ஸ்குவாஷ் உலகக் கோப்பை வந்தது. கொண்டுவந்த அரசுக்கு, கொச்சிக்குப் பிறகு நின்றுபோன இந்தியன் ஓபனை மறுபடி எழுப்பி ஊட்டியிலோ சென்னையிலோ நடத்துவது ஆகாத காரியமல்ல. அதற்கு முன்னால், செலவு குறைந்த ஒரு காரியம் இருக்கிறது. மாவட்ட விளையாட்டரங்குகளில் தலா ஒரு ஸ்னூக்கர் மேசை போடுங்கள், புதுக்கோட்டையிலிருந்து தொடங்குங்கள். வல்லத்திராக்கோட்டைப் பையன்கள் பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.